மனைவிக்கு மட்டும் விதித்த மௌனம்

தமிழரில் குருப்பட்டம் பெற்ற முதல் புராட்டஸ்டண்டு போதகர் கடலூர்க்காரர். ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்து, 1718-இல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனவர், 1733 டிசம்பரில் அபிஷேகம் செய்யப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில், 1737-இல், சர்ட்டோரியஸும் கெய்ஸ்டரும் கடலூரிலேயே ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். 1740-இல் கீர்னாண்டர் வந்து சேர்ந்தார். இப்படிப் பெயர்களாக அடுக்கினால் இந்த வட்டாரத்துச் சபை வரலாறு முழுக்க ஆண்களின் வரலாறாகத்தான் தெரியும். ‘ஆண் தலை, பெண் அடக்கம்’ என்பது சபையில் ஆதிமுதல் இருந்துவந்த ஒழுங்கு என்று இன்று பிரசங்க மேடையில் சொல்லப்படுவதற்கு இந்தப் பட்டியலே சாட்சி போலவும் தோன்றும். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் உண்மையில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்தால் படம் மாறுகிறது. சபை எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரி அடக்கி வைக்கவில்லை. கணவன் இல்லாத பெண்ணுக்கு வேதத்தைக் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. கணவனோடு வாழ்ந்தவளை வீட்டில் நிறுத்தியது. பெண்களுக்கான கட்டளை என்று சொல்லப்பட்டது நடைமுறையில் மனைவிகளுக்கான கட்டளையாக இருந்தது.

மிஷனரி சீகன்பால்க் 1707-லேயே தரங்கம்பாடியில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தவர் என்பதை மறக்கக் கூடாது. பெண் கல்வி இந்த வட்டாரத்துக்கும் வந்தது. சாதி விவகாரத்தில் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய ஓக்ஸ் என்ற மிஷனரி, 1860-களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பம் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் தன் நிலையத்தை அமைத்தார். அதை ஏற்றுக்கொண்ட டேனிஷ் மிஷன் தென்னாற்காடு முழுதும் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தியது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது. பெண் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றார்கள். தையல், சமையல், ஞானப்பாட்டு எல்லாம் கற்றார்கள். உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் ஏற்ற மனைவியைத் தயார்செய்வது அந்த விடுதிகளின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. கல்யாணம் ஆனதும் அந்தக் கல்வி கணவனின் ஊழியத்துக்குள் கரைந்துவிடும். வெள்ளைக்கார மிஷனரியின் மனைவிக்கும் கதி அதுதான்: அவள் செய்த வேலை கணவன் கணக்கில் ஏறியது. இன்றும் பல சபைகளில் ஐயரம்மா எனப்படும் போதகரின் மனைவி ஞாயிறு பள்ளி, பெண்கள் கூட்டம், நோயாளி விசாரிப்பு என்று ஓய்வில்லாமல் உழைக்கிறார்; சம்பளப் பட்டியலில் ஐயர் பெயர் மட்டும் இருக்கிறது.

வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்டவர்களின் நிலை வேறு. வெளி ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய் வாசித்துக் காட்டி, விளக்கி, கேள்விக்குப் பதில் சொல்லி, ஜெபித்துவிட்டு வருவது அவர்கள் வேலை. அதற்கு மாதச் சம்பளமும் உண்டு. தென்னிந்திய மிஷன்கள் பலவற்றிலும் இவர்களில் பெரும்பகுதியினர் விதவைகள். இதற்கு முன்மாதிரி பாளையங்கோட்டைக் கிளாரிந்தா. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு அவர் வாழ்ந்தவரை மிஷனரி சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கினார். அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் கொடுத்தார். அதன்பின் ஒரு சபைக்கே தாயாக நின்ற அந்த அம்மையார் கட்டிய ஆலயத்தை 1785-இல் பிரதிஷ்டை செய்தவரும் அதே சுவார்ட்ஸ்தான். பக்கத்தில் ஆண் இல்லாத நிலையில்தான் அவரைத் தலைமையிடத்தில் ஏற்பது சபைக்கு எளிதாக இருந்தது.

இந்த ஒழுங்கு தன்னையே காட்டிக்கொடுத்த இடம் பரங்கிப்பேட்டை. 1909-இல் டேனிஷ் மிஷன் ஆசிரியையாக வந்த அன்னே மரியே பீட்டர்சன் மணமாகாதவர். அந்தத் தகுதியில் பள்ளிப் பொறுப்பை ஏற்கவும் கருத்துச் சொல்லவும் அவருக்கு இடம் இருந்தது. 1916-ஐ ஒட்டி வந்த எஸ்தர் ஃபேரிங்கும் அப்படியே. இருவரும் சபர்மதிக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார்கள்; எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வந்தன. அந்த நட்பே மிஷனுக்கு உறுத்தியது. எஸ்தர், மேனன் என்ற இந்திய மருத்துவரை மணக்க முடிவெடுத்தபோது உறுத்தல் முறிவானது. தனித்து வாழும் பெண்ணாக அவர் மிஷனுக்கு வேண்டியவர். ஓர் இந்தியரின் மனைவியாக அவருக்கு அங்கே இடமில்லை. இனவெறுப்பும் அரசு பற்றிய பயமும் அதில் இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வியை எழுப்பியது கல்யாணம். பீட்டர்சனும் மிஷனை விட்டு விலகி, பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கென ஒரு தேசியக் கிறிஸ்தவப் பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் காந்தி அடிக்கல் நாட்டிய, சேவா மந்திர் என்ற அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ஒரு பெண் நிறுவனத்தை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அதைவிடச் சிறந்த பதில் தேவையில்லை.

இந்த விமர்சனத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, பெண்ணின் அடக்கம் மனித ஏற்பாடல்ல, வேத வசனம் என்பது. எபேசியருக்கும் தீமோத்தேயுவுக்கும் எழுதிய நிருபங்களை எடுத்துக் காட்டுவார்கள். சரி, வசனத்தையே பார்ப்போம். தீமோத்தேயு நிருபத்தில் பெண் உபதேசிக்கக் கூடாது என்று வரும் இடம் விதவைக்கும் மணமாகாதவளுக்கும் விலக்கு அளிக்கவில்லை. அதை எழுத்துப்படி கொண்டால் வேதாகமப் பெண் வேலையே இருந்திருக்க முடியாது. மாறாக, அப்போஸ்தலர் நடபடிகளில் அப்பொல்லோவுக்கு விளக்கம் கொடுத்த பிரிஸ்கில்லாள் ஒரு மனைவி. கணவன் ஆக்கில்லா கூடவே இருந்தார். ஆக, வேதம் இடம் கொடுத்த மனைவிக்குச் சபை தடை போட்டது. வேதம் தடுத்ததாகச் சொன்ன இடத்தில் விதவைக்கு வழிவிட்டது. வேதாகமப் பெண்கள் பெண்களிடம்தானே பேசினார்கள் என்பார்கள். ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வேதத்தை எடுத்து விளக்கிச் சந்தேகம் தீர்ப்பது உபதேசம் இல்லை என்றால் வேறென்ன?

இன்னொரு வாதம், கிறிஸ்தவத் திருமணம் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தந்தது என்பது. இதில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு. ஒருதார மணம், விதவை மறுமணத்துக்கு அனுமதி, மூன்று ஞாயிறு சபை நடுவே ஓலை வாசித்த பிறகே கல்யாணம் என்ற பகிரங்கம் ஆகியவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் அதே நூற்றாண்டின் 1869 விவாகரத்துச் சட்டம், மனைவியின் சோரம் ஒன்றே கணவனுக்குப் போதும் என்றது. மனைவியோ கணவனின் சோரத்தோடு கொடுமை, கைவிடல் போன்ற வேறொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. மனைவியின் கள்ளத்துணைவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கவும் அதில் வழி இருந்தது. இந்தப் பாரபட்சம் பவுலிடமிருந்து வந்ததல்ல, தமிழ் மரபிலிருந்தும் வந்ததல்ல; 1857-இன் ஆங்கிலேயச் சட்டத்தைப் பின்பற்றியது. இங்கிலாந்து 1923-இல் அதைத் திருத்திக்கொண்டது. கடலூர், சிதம்பரத்துக் கிறிஸ்தவ மனைவி 2001 வரை காத்திருந்தாள். டென்மார்க்கிலோ 1948-லேயே பெண்கள் போதகர்களாக அபிஷேகம் பெற்றுவிட்டார்கள். மிஷனை அனுப்பிய நாடு ஒழுங்கை மாற்றிக்கொண்ட பிறகும், அந்த ஒழுங்கை இங்கே ‘நம் கலாச்சாரம்’ என்று காத்துவந்தவர்கள் உண்டு. வேடிக்கைதான்.

சுயாதீன, பெந்தெகொஸ்தே சபைகள் பெருகிய பிறகு கணக்குத் தலைகீழாகியிருக்கிறது. சுவிசேஷகர் டி.ஜி.எஸ். தினகரனோடு அவர் மனைவி ஸ்டெல்லா தினகரனும் மேடையேறிய காலம் முதல், ஊழியக்காரரின் மனைவி மைக் பிடிப்பது யாருக்கும் விநோதமாகப் படுவதில்லை. அந்த உரிமை அவளுக்குத் தாலி வழியாக வருகிறது. அன்று திருமணம் பெண்ணை மேடையிலிருந்து இறக்கியது, இன்று ஏற்றுகிறது. இரண்டிலும் அவள் அழைப்பை முடிவுசெய்வது அவள் யாருடைய மனைவி என்பதுதான். பீட்டர்சனைப் போலத் தனியாக நின்று ஒரு சபையையோ பள்ளியையோ நடத்த விரும்பும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தப் புதிய சபைகளில், பழைய மிஷன் கொடுத்த இடம்கூடக் குறுகிவிட்டது.