தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகள் (அமெரிக்கா): அழிந்த பதிவுகளும் எஞ்சியவையும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1940களிலிருந்து 1980கள் வரை ஒளிபரப்பான வினாடி வினா, ஊகப்போட்டி, பரிசுப்போட்டி நிகழ்ச்சிகளின் படச்சுருள், வீடியோ நாடாப் பதிவுகளைப் பற்றியது இக்கட்டுரை. வாரத்தில் ஐந்து நாளும் பகலில் வந்த நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. இரவு நிகழ்ச்சிகள் சில ஏறக்குறைய முழுமையாக உள்ளன. இந்த வேறுபாட்டுக்கு நிகழ்ச்சியின் தரமோ புகழோ காரணமன்று. பதிவு யாருடைய உடைமையாக இருந்தது, அதைப் பேணும் செலவை யார் ஏற்றார் என்பவற்றைப் பொறுத்தே ஒவ்வொன்றின் கதியும் அமைந்தது.

தொடக்கக் காலம்

பிரிட்டனில் பிபிசி 1938 மே 31 அன்று ஒளிபரப்பிய ‘ஸ்பெல்லிங் பீ’ என்னும் எழுத்துக்கூட்டல் போட்டியே தொலைக்காட்சியின் முதல் போட்டி நிகழ்ச்சி என்பர். அமெரிக்காவில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய 1941 ஜூலை 1 அன்றே, வானொலியில் பெயர்பெற்றிருந்த ‘ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்’ சோதனை முறையில் ஒருநாள் காட்டப்பட்டது. அதே ஆண்டில் ‘சிபிஎஸ் டெலிவிஷன் குவிஸ்’ தொடராக வந்தது. நேரலையைப் பதிவுசெய்யும் வழக்கம் அன்று இல்லை. நிகழ்ந்த நொடியிலேயே அவை மறைந்தன.

கினெஸ்கோப் படச்சுருள்

1947 முதல் ‘கினெஸ்கோப்’ முறை புழக்கத்துக்கு வந்தது. தொலைக்காட்சித் திரையின் முன் திரைப்படக் கருவியை நிறுத்தி, திரையில் ஓடும் காட்சியை 16 அல்லது 35 மில்லிமீட்டர் படச்சுருளில் பிடிப்பதே இம்முறை. ஓரங்கள் வளைந்தும் வெளிச்சம் சில இடங்களில் பூத்தும் தெரியும் மங்கலான படம்தான் கிடைத்தது. நியூயார்க்கிலிருந்து மேற்குக் கரை வரை நுண்ணலை இணைப்பு 1951 செப்டம்பரில்தான் எட்டியது. அதுவரை தொலைதூர நிலையங்களுக்கு இச்சுருள்களே அஞ்சலில் போயின. இணைப்பு எட்டிய பின்னும் மூன்று மணி நேர வேறுபாட்டை ஈடுகட்ட இவை தேவைப்பட்டன. 1954 அளவில் ஹாலிவுட் படக்கூடங்கள் அனைத்தையும்விடத் தொலைக்காட்சி நிறுவனங்கள் அதிகமான கச்சாப் படச்சுருளைப் பயன்படுத்தின என்று அடிக்கடி எழுதப்படுகிறது.

ஒளிபரப்பு முடிந்ததும் சுருளுக்கு வேலை முடிந்தது. பல சுருள்கள் கழிக்கப்பட்டன. அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கவே இப்படிச் செய்தார்கள் என்பர் சிலர். கிடங்கில் இடமில்லாததே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

‘வாட்ஸ் மை லைன்?’

இத்துறையில் மிக நன்றாக ஆவணப்பட்டிருப்பது இந்நிகழ்ச்சியே. சிபிஎஸ் நிறுவனத்தில் 1950 பிப்ரவரி 2 முதல் 1967 செப்டம்பர் 3 வரை 876 நிகழ்ச்சிகள் வந்தன. மார்க் குட்சன், பில் டாட்மன் இருவரின் நிறுவனம் தயாரித்தது. ஜான் சார்ல்ஸ் டேலி நடத்தினார். ஆர்லீன் ஃபிரான்சிஸ், டோரதி கில்கேலன், பென்னட் செர்ஃப் ஆகியோர் நெடுங்காலம் குழுவில் அமர்ந்தனர். வந்திருப்பவரின் தொழில் என்ன என்பதை ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளைக் கொண்டே குழு கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் ‘இல்லை’க்கும் வந்தவருக்கு 5 டாலர், பத்து ‘இல்லை’ சேர்ந்தால் 50 டாலருடன் வெற்றி. இறுதியில் புகழ்பெற்ற ஒருவர் ‘மறைவிருந்தினராக’ வருவார். அப்போது மட்டும் குழுவினர் கண்களைக் கட்டிக்கொள்வர்.

முதல் இரண்டரை ஆண்டுகளின் சுருள்கள் பெரும்பாலும் சிபிஎஸ் கையாலேயே அழிந்தன. 1952 ஜூலையில் குட்சனும் டாட்மனும் இதை அறிந்தனர். ஒவ்வொரு வார நிகழ்ச்சிக்கும் ஒரு 16 மில்லிமீட்டர் சுருளைத் தங்கள் செலவில் எடுத்துத் தருமாறு கேட்டுக்கொண்டனர். இந்த ஒரு முடிவினால்தான் 750க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் இன்று கிடைக்கின்றன. 1952 நடுப்பகுதிக்கு முந்தியவற்றில் ஒரு சிலவே தப்பின. பேஸ்பால் வீரர் ஃபில் ரிசூட்டோ மறைவிருந்தினராக வந்த முதல் நிகழ்ச்சி, நல்வாய்ப்பாக, அவற்றுள் ஒன்று.

எஞ்சிய சுருள்களின் மதிப்பு விளையாட்டோடு நிற்பதில்லை. உள்ளே வரும் ஒவ்வொருவரும் பலகையில் தம் பெயரைத் தம் கையாலேயே எழுத வேண்டும் என்பது இந்நிகழ்ச்சியின் வழக்கம். அதனால் எலினார் ரூஸ்வெல்ட், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், ஓவியர் சால்வடார் டாலி முதலியோர் நடந்து வரும் தோரணையும், சாக்கட்டி பிடித்து எழுதும் விதமும், குரலை மாற்றிப் பேசும் முயற்சியும் படத்தில் உள்ளன. டாலி ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றே சொல்லிக்கொண்டு போக, குழு திணறுகிறது. 1965 நவம்பர் 7 ஞாயிறு இரவு குழுவில் இருந்த டோரதி கில்கேலன் மறுநாள் இறந்து கிடந்தார். அவ்விரவின் சுருளும் எஞ்சியிருக்கிறது.

1966 செப்டம்பரிலிருந்து நிகழ்ச்சி வண்ணத்தில் ஒளிபரப்பானது. ஆயினும் தயாரிப்பாளர்கள் பெற்ற சுருள்கள் கறுப்பு வெள்ளையே. ஆகவே கடைசி ஆண்டின் வண்ணத்தை அன்று பார்த்தவர்கள் மட்டுமே அறிவர். டேலி தாமே மறைவிருந்தினராக வந்து விடைபெற்ற இறுதி நிகழ்ச்சியும் அவ்வாறே உள்ளது.

‘ஐவ் காட் எ சீக்ரெட்’

அதே நிறுவனத்தின் தயாரிப்பு. கேரி மோர் நடத்தியது. குட்சனும் டாட்மனும் பேணியதால் இதன் சுருள்களும் பெருமளவு தப்பின. 1956 பிப்ரவரி 9 அன்று சாமுவேல் சீமோர் என்னும் 95 வயதுப் பெரியவர் இதில் தோன்றினார். 1865 ஏப்ரலில் ஃபோர்ட் நாடகக் கொட்டகையில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இரவு அங்கே இருந்தவர்களில் உயிரோடிருந்த கடைசி மனிதர் அவர்; அப்போது அவருக்கு வயது ஐந்து. தங்கியிருந்த விடுதியின் மாடிப்படியில் விழுந்து, வீங்கிய கண்ணோடு வந்து அமர்ந்தார். துப்பாக்கி சுட்டதைப் பார்க்கவில்லை. மேடையில் ஒருவன் விழுந்ததைத்தான் கண்டார். விழுந்தவனுக்கு உதவ வேண்டுமே என்பதே அன்று அவருடைய கவலையாக இருந்தது. அவருக்கு 80 டாலரும், சுங்கான் பிடிப்பவர் என்பதால் ஒரு டப்பா புகையிலையும் தரப்பட்டன. ஏப்ரலில் அவர் காலமானார். ஒரு சில நிமிடமே ஓடும் இப்பகுதி ஒரு நூற்றாண்டின் இரு முனைகளையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது.

வினாடி வினா ஊழல்

1955 ஜூனில் தொடங்கிய ‘தி 64,000 டாலர் கொஸ்டியன்’ பெரும்பரிசுப் போட்டிகளுக்கு வழிவகுத்தது. 1956இல் என்பிசியில் வந்த ‘ட்வென்டி ஒன்’ போட்டியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல், சார்ல்ஸ் வான் டோரன் ஆகிய இருவரின் மோதல் நாட்டையே ஈர்த்தது. விடைகள் முன்கூட்டியே தரப்பட்டிருந்தன. தோற்கவேண்டிய கேள்வி எது என்பதும் ஸ்டெம்பலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 1959இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது கினெஸ்கோப் சுருள்கள் சான்றாகத் திரையிடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 2 அன்று வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1960இல் இத்தகைய ஏற்பாடுகள் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டன. கண்ணாடிக் கூண்டுக்குள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் நடிக்கும் போட்டியாளரை இன்றும் எஞ்சிய சுருள்களில் காணலாம்.

வீடியோ நாடாவும் அழிப்பும்

ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956 ஏப்ரலில் இரண்டு அங்குல அகல நாடாவில் பதியும் கருவியை அறிமுகப்படுத்தியது. 1957 ஜனவரி 22 அன்று, நாடாவில் முன்பே பதிந்து எல்லா நேர மண்டலங்களிலும் ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி ‘ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்’ என்பர். அவ்வகையில் புதிய கருவியின் வரலாற்றிலும் போட்டி நிகழ்ச்சிக்கு முதலிடம் கிடைத்தது.

நாடாவின் நன்மையே அதன் கேடும் ஆயிற்று. ஒரு மணி நேர நாடாவின் விலை தொடக்கத்தில் சுமார் 300 டாலர். அதையே அழித்து மீண்டும் மீண்டும் பதியலாம். பகல் நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்பும் எண்ணம் எவருக்கும் இல்லை. சென்ற மாதப் போட்டியின் மேல் இந்த மாதப் போட்டி பதியப்பட்டது.

இழப்பின் அளவுக்குப் பெரும் சான்று ‘ஜெபர்டி!’. மெர்வ் கிரிஃபின் உருவாக்கி, ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய இது என்பிசியில் 1964 மார்ச் 30 முதல் 1975 ஜனவரி 3 வரை 2,753 முறை ஒளிபரப்பானது. எஞ்சியவை மிகச் சில. அவற்றிலும் பல, வண்ண நாடாவிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள்கள். 1964இன் சோதனை நிகழ்ச்சியும், மெல் புரூக்ஸ் தோன்றிய 2,000ஆவது நிகழ்ச்சியும் நியூயார்க்கின் பேலி மையத்தில் உள்ளன. வேறு சில கலிஃபோர்னியப் பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் காப்பகத்தில் உள்ளன. ஆட்டங்களின் தாள் குறிப்புகள், முழுமையாக இல்லாவிடினும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நுண்படச்சுருளாகக் காக்கப்படுகின்றன. ஆகப் பல நாள்களுக்குக் கேட்ட கேள்வி இருக்கிறது; விடை சொன்ன குரல் இல்லை.

ஜீன் ரேபர்ன் நடத்திய ‘தி மேட்ச் கேம்’ முதல் தொடரில் (1962–69) பத்துச் சொச்சமே மிஞ்சின. 1958 முதல் 1973 வரை நாள்தோறும் வந்த ‘கான்சன்ட்ரேஷன்’ நிலையும் ஏறக்குறைய அதுவே.

அழிப்பு எப்போது நின்றது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிபிஎஸ் 1970களின் முற்பகுதியில் நிறுத்தியதாகவும், என்பிசி அப்பத்தாண்டின் இறுதிவரை தொடர்ந்ததாகவும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1975இல் என்பிசியில் தொடங்கிய ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ பகல் தொடரில் 1980களின் நிகழ்ச்சிகளும் அழிந்தன என்பதால், ஒரே நிறுவனத்துக்குள்ளும் ஒரே விதி இருந்ததாகக் கொள்ள முடியாது.

டூமாண்ட் நிறுவனத்தின் சுருள்கள்

1946இல் ‘கேஷ் அண்ட் கேரி’ போட்டியை ஒளிபரப்பிய டூமாண்ட் நிறுவனம் 1956இல் மூடப்பட்டது. அதன் பதிவுகள் 1970களின் தொடக்கத்தில் லாரிகளில் ஏற்றப்பட்டு நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் சாட்சியம் அளித்தார். பலரும் இதை அப்படியே ஏற்கின்றனர். பெரும்பகுதி அதற்கு முன்பே வெள்ளிக்காக அழிக்கப்பட்டிருக்கலாம் என்பாரும் உளர்.

மீட்பு

குரூச்சோ மார்க்ஸ் நடத்திய ‘யூ பெட் யுவர் லைஃப்’ (1950–61) தொடக்கத்திலிருந்தே திரைப்படமாக எடுக்கப்பட்டதால் பெரும்பாலும் தப்பியது. 1970களில் அதையும் அழிக்க இருந்த நிலையில், கிடங்கிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பின்போது குரூச்சோவின் பேரன் வீட்டில் இருந்ததால் பெட்டிகள் வீடு வந்து சேர்ந்தன என்று குடும்பத்தார் கூறுவர். பீட்டர் மார்ஷல் நடத்திய ‘ஹாலிவுட் ஸ்குவேர்ஸ்’ (1966–80) பெரும்பாலும் அழிந்ததாகவே கருதப்பட்டது. பின்னர் நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்து, 2002இல் மறுஒளிபரப்பாயின. 1994 டிசம்பர் 1 அன்று தொடங்கிய கேம் ஷோ நெட்வொர்க், குட்சன்–டாட்மன் சுருள்களைப் பல ஆண்டுகள் நள்ளிரவுக்குப் பின் ஒளிபரப்பியது. ஓய்வுபெற்றவர்களும் உறக்கம் வராதவர்களும் வீட்டு வீடியோ நாடாவில் பிடித்துவைத்த பிரதிகள் இன்று தாமே ஒரு மூலமாகிவிட்டன.

எஞ்சியும் காட்டப்படாதவை

பாப் பார்க்கர் நடத்திய ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ தொடரில் மென்மயிர் மேலாடை பரிசாக வழங்கப்பட்ட பழைய நிகழ்ச்சிகள், விலங்குரிமையில் அவருக்கிருந்த பற்றின் காரணமாக மறுஒளிபரப்பில் தவிர்க்கப்பட்டன என்பர். 1984இல் ‘பிரஸ் யுவர் லக்’ போட்டியில் பலகை ஒளிரும் ஒழுங்குகளை மனப்பாடம் செய்து மைக்கேல் லார்சன் 1,10,237 டாலர் வென்ற நிகழ்ச்சியும் நெடுநாள் மறைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2003இல் அது ஆவணப்படமாக வெளிவந்தது.

அண்மைக் காலம்

2015இல் பஸர் என்னும் அலைவரிசை பழைய போட்டி நிகழ்ச்சிகளுக்கெனத் தொடங்கப்பட்டது. 2021இல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் போட்டி நிகழ்ச்சி வரலாற்றுக்கான தேசியக் காப்பகத்தை அறிவித்தது. ஒளிப்பதிவுகளுடன் கேள்வி அட்டைகள், மேடைப் பொருள்கள், தயாரிப்புக் குறிப்புகள் ஆகியவற்றையும் சேர்ப்பது அதன் நோக்கம். பதிவே இல்லாத நிகழ்ச்சிகளுக்கு இவையே சான்று.