மேடைக்கு எதற்குப் பட்டம்? இசை நாடகக் கல்வியின் வரலாறு

பாடவும் ஆடவும் நடிக்கவும் ஒருங்கே வல்ல கலைஞர் எங்கே உருவாகிறார்? இசை நாடகத்தைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, மேடையையே தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர்கள் இன்று நம்மிடையே உள்ளனர். அவர்தம் விருப்பத்தைக் கேட்கும் பெரியோர் பலர், "மேடையேறுவதற்கு எதற்குப் பட்டம்?" என்று வினவுவதுண்டு. அவ்வினாவில் நியாயமும் இருக்கிறது. தமிழ் மேடையின் பெருங்கலைஞர்கள் பலர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கல்லாதவர்களும் அல்லர். அவர்கள் எங்கே கற்றனர், அக்கல்விக்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை ஆராய்ந்தால், இவ்வினாவுக்கு நாம் விடை காணலாம்.

மாதவி கற்ற பாடம்

இக்கல்வியைப் பற்றிய பழைய சித்திரமொன்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ளது. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். அவளுக்குக் கற்பித்தவர் ஒருவர் அல்லர். ஆடலாசான், இசையாசான், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசான், குழலாசான், யாழாசான் என ஒவ்வொருவருக்கும் வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். அரங்கின் அளவையும் எழினிகளின் வகையையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. குரலுக்கு ஓர் ஆசிரியர், ஆட்டத்திற்கு ஓர் ஆசிரியர் என இன்றைய இசை நாடகத் துறைகள் பின்பற்றும் பகுப்பு நமக்குப் புதிதன்று என்பதை இதனால் அறிகிறோம். ஆனால் மாதவி இக்கல்வியைத் தானே தேர்ந்தவள் அல்லள். பிறந்த குலமே அதை அவளுக்கு விதித்தது.

கம்பெனி வீடும் வாத்தியாரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கல்வி சிறுவர் நாடகக் குழுக்களிடம் வந்து சேர்ந்தது. 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அழைத்த இக்குழுக்களின் வரலாற்றில் முதலிடம் பெறுபவர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவுக்கு அவரே ஆசிரியர். பின்னாளில் ஔவை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி. க. சண்முகம் தம் சகோதரர்களுடன் அவ்வாண்டே அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை ஆறு. நாடகத்தை எழுதி, மெட்டமைத்து, பாடம் சொல்லி, நடிக்கவும் கற்பித்தவரைக் கம்பெனி வழக்கில் 'வாத்தியார்' என்றனர். சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று இன்றும் போற்றுவது வெறும் புகழ்ச்சியன்று. அவர் ஆற்றிய பணியின் பெயரே அது.

சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, பயின்றனர். பகலில் கற்ற பாட்டையும் வசனத்தையும் இரவில் மக்கள் முன் பாடிப் பேசினர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு உயர்ந்த சுருதியில் பாடவேண்டியிருந்தது. எஸ். ஜி. கிட்டப்பா சிறுவயதிலேயே இத்தகைய பயிற்சியில் உருவானவர். இத்தகைய குழுக்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிச் சென்றபோது, நம் முன்னோரும் அவர்தம் பாட்டைக் கேட்டனர்.

இப்பயிற்சியின் வலிமையை 'ஸ்பெஷல் நாடகம்' காட்டுகிறது. வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், முருகனாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. ஆயினும் விடியும்வரை வள்ளி திருமணம் நடந்தேறும். பாடலும் கதையும் அனைவருக்கும் பொதுச் சொத்தாக மனத்தில் பதிந்திருந்தமையே அதற்குக் காரணம்.

எனினும் இப்பள்ளியில் மாணவனே கூலிக்காரனும் ஆவான். அவன் குரலே கம்பெனியின் முதல். வளரிளம் பருவத்தில் மகரக்கட்டு உடைந்ததும், நேற்றுவரை ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ ஏற்றவன் சிறு வேடத்திற்குத் தள்ளப்படுவதும், பின்பாட்டுக்குப் போவதும், வீடு திரும்புவதும் உண்டு. பொதுக்கல்வி பெறாத அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. பெண்களுக்கு அப்பள்ளிகளில் இடமே இல்லை. இவற்றோடு, 'கூத்தாடி' என்ற சொல்லை வசையாக வழங்கிய சமூகத்தின் இகழ்ச்சியும் சேர்ந்துகொண்டது.

மேலை மேடையில் நேர்ந்த மாற்றம்

மேலை நாட்டு இசை நாடகமும் நெடுங்காலம் மேடையையே பள்ளியாகக் கொண்டிருந்தது. 1930களில் நியூயார்க் மேடையை ஆண்ட ஏதல் மெர்மன், முறையான குரற்பயிற்சி பெறாத சுருக்கெழுத்தாளர். அவரும் ஒலிவாங்கியின்றிப் பாடியவரே.

கலை வடிவம் மாறியபோது பயிற்சியும் மாறவேண்டியதாயிற்று. 1943இல் அரங்கேறிய 'ஓக்லஹோமா!' நாடகத்தில் கதைத்தலைவியின் கனவு, ஆக்னஸ் டி மில் அமைத்த நடனமாக விரிகிறது. அக்கனவில் தலைவியாக ஆடியவர் வேறொரு நடனக் கலைஞர். பாடி நடித்தவர் ஆடவில்லை. 1957இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நாடகத்தில் ஜெரோம் ராபின்ஸ் இந்தப் பிரிவினையை நீக்கினார். தெருக்குழு இளைஞர்களாக வந்தவர்கள் அனைவரும் ஆடவும் பாடவும் நடிக்கவும் வேண்டியிருந்தது. மூன்றும் அறிந்தோருக்குத் தேவை பெருகவே, பல்கலைக்கழகங்கள் முன்வந்தன. 1960களின் இறுதியில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி இசை நாடகத்திற்கெனத் தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிற பல்கலைக்கழகங்கள் அவ்வழியைத் தொடர்ந்தன.

புதுச்சேரியும் சிங்கப்பூரும்

சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்திலுள்ள நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநர். பள்ளிக்கல்வி வாய்க்காத சிறுவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரில், ஆணும் பெண்ணும் அமர்ந்து பட்டம் பெறும் நிலை உருவாயிற்று.

சிங்கப்பூரில் 1984இல் சகோதரர் ஜோசப் மெக்னலி நிறுவிய லாசால் கலைக் கல்லூரி இசை நாடகத்தில் இளங்கலைப் பட்டம் வழங்குகிறது. குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் 2000இல் தொடங்கிய நாடகப் பயிற்சிக் கழகம், கூடியாட்டம், பெய்ஜிங் ஓப்பரா, நோ, வாயாங் வோங் ஆகிய ஆசிய மரபுகளை நடிகர்களுக்குக் கற்பித்து வந்துள்ளது. பட்டப்படிப்புகளில் இசை நாடகம் என்பது பெரும்பாலும் ஆங்கில மேடையின் மரபாகவே அமைகிறது. மலாய் மரபான பங்சாவான், பினாங்குக்கு வந்த பார்சி நாடகங்களின் தாக்கத்தால் பிறந்தது. அதே பார்சி நாடகங்கள் தமிழ்க் கம்பெனி மேடைக்கும் மெட்டும் காட்சித்திரையும் தந்தன. இந்த உறவை நம் மாணவருக்கு எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

பட்டம் தருவதும் தராததும்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் விடை இதுவே: பாடி நடிக்கும் திறனை மேடையே கற்பிக்க இயலும், கம்பெனிகள் அதனைத் திறம்படக் கற்பித்தன. பிழைப்பிலிருந்து விலகிக் கற்கும் காலத்தை மட்டும் கம்பெனிகளால் தர இயலவில்லை. குரல் உடைந்தால் காத்திருக்கவும், ஒரு வேடத்தில் தோற்றுவிட்டு மறுநாள் மீண்டும் முயலவும், இசைக்குறியீட்டையும் உடலியலையும் நாடக வரலாற்றையும் பயிலவும் மூன்று நான்கு ஆண்டுகளைப் பல்கலைக்கழகம் தருகிறது. மேடை வாய்ப்புக் கிட்டாத காலத்தில் கற்பித்தல் முதலிய பணிகளுக்கும் அப்பட்டம் துணையாகலாம். ஆனால் நாள்தோறும் மக்கள் முன் நிற்கும் பழக்கத்தை வகுப்பறை தாராது. வேலைக்கு உறுதியும் பட்டம் தாராது.

ஆதலால் இத்துறையை நாடும் மாணவர், ஆண்டுக்கு எத்தனை முறை மேடையேற்றுவீர்கள் என்று கல்லூரியிடம் கேட்டறிதல் வேண்டும். அதனினும் முக்கியமானது அவர் தம்முடன் கொண்டுசெல்லும் முதல். தமிழ் நாடகப் பாடல் ஒன்றையேனும் பொருளுணர்ந்து பாடத் தெரியாமல் செல்பவர், பிறர் மரபை மட்டுமே கற்றுத் திரும்புவார். வள்ளி திருமணத்தின் ஒரு காட்சியைப் பள்ளி மேடையில் பாடி நடிக்கச் செய்வது ஆசிரியர்களாகிய நம் கையில் உள்ளது. அதற்குப் பட்டப்படிப்புத் தொடங்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.