வில்சன் தேற்றமும் பஸராவின் பேரறிஞரும்

ஓர் எண்ணை 2, 3, 4, 5, 6 ஆகியவற்றுள் எதனால் வகுப்பினும் 1 மீதி வருகிறது. 7ஆல் வகுத்தால் மட்டும் மீதியே இல்லை. அவ்வெண் யாது?

பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் தம் சிற்றேடு ஒன்றில் ஆராய்ந்த கணக்கு இது. 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியற் பெருநூலால் அன்னாரை உலகம் அறியும். இவ்வேட்டை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

1 முதல் 6 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 720. அதனுடன் 1 கூட்டினால் 721. அது 7இன் 103 மடங்கு. 301 என்னும் சிறிய விடையும் உண்டு. எனினும் 721ஐத் தந்த வழியே நம் கருத்தைக் கவர்கிறது. பகா எண் எதற்கும் அது பொருந்தும் என்பதை அவர் கண்டிருந்தார்.

பொருந்துவது எவ்வாறு? 2ஐயும் 4ஐயும் பெருக்கினால் 8; 3ஐயும் 5ஐயும் பெருக்கினால் 15. இரண்டையும் 7ஆல் வகுக்க மீதி 1. இணை சேராது எஞ்சுபவை 1, 6. ஆகவே முழுப் பெருக்கத்தின் மீதி 6. ஒன்று கூட்ட 7 நிறைகிறது. பகு எண்ணாகிய 9இல் இது நடவாது. 1 முதல் 8 வரை பெருக்கும்போது 3உம் 6உம் சேர்ந்து 18 ஆகிவிட, பெருக்கம் முழுவதும் 9ஆல் வகுபடுகிறது. ஒன்று கூட்டினால் அந்த ஒன்றே மீதி. பகா எண்ணையும் பகு எண்ணையும் பிரித்தறியும் உரைகல் கிடைத்துவிட்டது! நூறு இலக்க எண்ணுக்கு இச்சோதனையைச் செய்ய எந்தக் கணிப்பொறியாலும் இயலாது என்பது வேறு செய்தி.

இதற்கு இன்று வழங்கும் பெயர் 'வில்சன் தேற்றம்'. 1770இல் இங்கிலாந்தின் எட்வர்ட் வேரிங் தம் மாணவர் ஜான் வில்சன் கண்டதாக இதனை வெளியிட்டார். ஆசிரியர், மாணவர் இருவரிடமும் நிரூபணம் இல்லை. 1771இல் லக்ராஞ்சே நிரூபித்தார். இச்சோதனையில் தேறும் எண் பகா எண்ணே என்னும் மறுதலையையும் அவரே காட்டினார்.

ஆதலின், அனைத்தும் நம்மவர் தந்தனவே என்று மார்தட்டுவதற்கில்லை. இப்னுல் ஹைதமின் ஏட்டிலும் நிரூபணம் இல்லை. ஆனால், நிரூபிக்காத வில்சனுக்கு நிலைத்த பெயர், அவருக்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னரே அவ்வுண்மையைக் கண்டவருக்கு ஏன் இல்லை என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.