ஒரு பார்லி மணி எடையில் ஒரு விபத்து

தானியத்தை நிறுத்து விக்கிறது நம்ம பிழைப்பு. தானியத்தையே எடைக்கல்லா வச்சு நிறுக்கிற தொழிலும் உண்டு. நம்ம ஊர் ஆசாரிங்க குன்றிமணி போட்டுத் தங்கம் நிறுத்த மாதிரி, இங்கிலீஷ்காரங்க பார்லி மணியை வச்சு உண்டாக்கின அளவு ‘கிரெய்ன்’. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். அமெரிக்காவுல தோட்டா மருந்தை இன்னைக்கும் இந்தக் கணக்குலதான் நிறுக்கிறாங்க.

அங்கே சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாம, வீட்டுலயே மறுபடி நிரப்புறது பழைய வழக்கம். (நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா செய்யறது குற்றம்.) 1866 வாக்குல எட்வர்ட் பாக்ஸர்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி கொண்டுவந்த கேப்புதான் இதுக்குப் பெரிய உதவி. அந்த வகைக் கூட்டுக்கு அடியில நட்டநடுவுல ஒரே துளை. கம்பியை விட்டுத் தட்டினா பழைய கேப்பு கழண்டு வந்துடும். அப்புறம் புதுக் கேப்பு, மருந்து, உருக்கி அச்சுல ஊத்தின ஈயக் குண்டு. வேலை முடிஞ்சது.

சிக்கல் மருந்து அளவுலதான். அந்தக் காலக் கூடெல்லாம் கருமருந்துக்குன்னு செஞ்சது. 1884-ல பிரான்ஸ்ல பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். அதுக்கு வலு பல மடங்கு. அதனால பழைய கூட்டுல கொஞ்சம் போட்டாலே போதும், மீதி இடம் காலியாக் கிடக்கும். கைமறதியா ரெண்டாந்தடவை கொட்டினாலும் வழியாது. உள்ளே எட்டிப் பார்க்கலைன்னா தெரியவே தெரியாது.

கருமருந்துலயே விபத்து நடந்திருக்கு. எல்மர் கீத்னு ஒரு பண்ணைக்காரர், அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல மாடு குதிரையோட வாழ்ந்தவர். 1925 ஜூலை 4, அவங்க சுதந்திர தினம். கொண்டாட்டத்துக்கு .45 கோல்ட் ரிவால்வரை எடுத்துச் சுட்டார். ரைபிளுக்கான கனத்த குண்டைப் போட்டு அவரே நிரப்பின தோட்டா. சிலிண்டரோட மேல்பாதி பிய்ச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஆள் தப்பினார்.

வேற யாராவதா இருந்தா அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டாங்க. கீத் காரணத்தைத் தேடினார். .45 தோட்டா பருமன். அதனால சிலிண்டர்ல ஓட்டைகளுக்கு நடுவுல இருக்கிற இரும்புச் சுவர் மெலிசு. கொஞ்சம் ஒல்லியான .44 ஸ்பெஷலுக்கு அந்தச் சுவர் தடிமன். அதுக்கு மாறினார், வருஷக்கணக்கா சோதிச்சார், எழுதினார்.

இந்தச் சோதனைக்கு ஒரு முறை இருக்கு. குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கணும். துளித்துளியா ஏத்தணும். ஒவ்வொரு படியிலயும் சுட்ட கூட்டை எடுத்துப் பார்க்கணும். கேப்பு நசுங்கித் தட்டையாயிருந்தாலோ, கூடு வெளிய வர அடம்பிடிச்சாலோ அங்கேயே நிறுத்திக் கீழே இறங்கணும். யூரியா கூடிப்போனா நெல்லு சாயும், அடுத்த போகத்துல திருத்திக்கலாம். இங்கே போறது விரலும் கண்ணும்.

குறி தப்பாம இருக்கிறதுக்கும் இந்த நிதானம்தான் வழி. மருந்து, குண்டு எடை, குண்டு இறங்கற ஆழம் எல்லாம் ஒவ்வொரு தோட்டாவுலயும் ஒண்ணுபோல இருந்தாத்தான் அடி ஒரே இடத்துல விழும். வலு கூடினா குறி கூடும்னு ஒண்ணும் கிடையாது.

கீத் விடாம கேட்டுக்கிட்டே இருந்த அந்த வலுவான .44 தோட்டாவை, ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் சேர்ந்து 1955 கடைசியில கொண்டுவந்தாங்க. பேரு .44 மேக்னம். கூட்டை மட்டும் பழைய .44 ஸ்பெஷலை விட சுமார் 3 மில்லிமீட்டர் நீளமா வச்சாங்க. ஏன்னா, இது பழைய துப்பாக்கிக்குள்ள முழுசா இறங்கக் கூடாது. 1935-ல வந்த .357 மேக்னத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

எல்லாரும் புத்தகம் படிச்சு எச்சரிக்கையா இருப்பாங்கன்னு அவங்க நம்பலை. தெரியாம மாத்திப் போடுறவன் கையையும் அந்த 3 மில்லிமீட்டர் காப்பாத்துது.