சாத்தாவாரி வேரும் பெண்களின் உழைப்பும்: கந்தளாயை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

நாட்டு மருத்துவம் பற்றி நம்மவர் எழுதியவற்றை நோக்குமிடத்து இருவகைப் போக்குகள் புலப்படுகின்றன. முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் எனப் பெருமிதம் கொள்ளும் போக்கு ஒன்று. அவை யாவும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடும் போக்கு மற்றொன்று. முரண்பட்டவைபோலத் தோன்றினும் இவ்விரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. மருந்தை மருந்தாக மட்டுமே இவை காண்கின்றன. அதனைத் தேடியவர் யார், இடித்தவர் யார், உண்டவர் யார், உண்ண இயலாதிருந்தவர் யார் என்னும் வினாக்களை இவை எழுப்புவதில்லை. பெண்களுக்குரிய மருந்தெனப் பெயர்பெற்ற சாத்தாவாரி வேரை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குளம், கோயில், காடு, குடியேற்றம் ஆகிய நான்கின் வரலாறும் ஓரிடத்தே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் கந்தளாயை நாம் இதற்குக் களமாகக் கொள்கின்றோம்.

சாத்தாவாரியைத் தமிழகத்தார் தண்ணீர்விட்டான் கிழங்கு என்பர். வடமொழியில் அது சதாவரி, சிங்களத்தில் ஹாத்தாவாரிய. தாவரவியலார் இதனை அஸ்பராகஸ் ரெசிமோசஸ் என வகைப்படுத்துவர். வறண்ட வலயத்துப் பற்றைக் காடுகளில் மரங்களையும் செடிகளையும் பற்றிப் படரும் முட்கொடி இது. இலைபோலத் தோன்றும் அதன் ஊசி வடிவ உறுப்புகள் உண்மையில் தண்டின் திரிபுகளேயாம். பூக்கள் சிறியன, வெண்மையானவை, கனிகள் சிவந்தவை. நிலத்தின் கீழே சதைப்பற்றுள்ள வேர்கள் கொத்தாகத் திரண்டிருக்கும். நூறு வேர்களையுடையது என்பது வடமொழிப் பெயருக்குக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று. தாய்ப்பால் பெருகுவதற்கும், பெரும்பாடு, வெள்ளைபடுதல் ஆகியவற்றைத் தணிப்பதற்கும், பேற்றின் பின்னான உடற்சோர்வைப் போக்குவதற்கும் இவ்வேர் வழங்கப்பட்டு வந்துள்ளது.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்வேரைப் பெண்களுக்கு மட்டும் உரியதாக ஆயுர்வேத மரபு கொண்டதில்லை. உடலுக்கு வலுவூட்டும் பொது மருந்தாகவும், ஆண்மை பெருக்கும் மருந்தாகவும், எரிவும் புண்ணும் தணிக்கும் மருந்தாகவும் அம்மரபு இதனைப் பயன்படுத்தியது. இதனைப் ‘பெண்களின் வேர்’ என்று மட்டுமே அறிமுகப்படுத்துவது பெரிதும் அண்மைக்கால விளம்பரத்தின் இயல்பாகும். அவ்வாறு அறிமுகப்படுத்தும்போதும் பெண்ணின் நலம் என்பது பால், கருப்பை, மகப்பேறு ஆகியவற்றுள் அடங்கிவிடுகின்றது. வயலில் குனிந்து நின்றதால் நோகும் முதுகுக்கும், அடுப்புப் புகையால் கெட்ட நுரையீரலுக்கும் அவ்விளம்பரத்தில் இடமில்லை. உழைக்கும் உடலை மறைத்து ஈனும் உடலை மட்டும் காட்டும் இக்கருத்துநிலைக்கு நெடிய வரலாறு உண்டு.

திருகோணமலையிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது கந்தளாய். அதன் பெருங்குளத்தை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியுடன் சூளவம்சம் தொடர்புபடுத்துகின்றது; கோணேசர் கல்வெட்டு முதலான தமிழ் மரபுகள் குளக்கோட்டனுடன் தொடர்புபடுத்துகின்றன. சோழராட்சியில் இவ்வூர் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயமாயிருந்தது. பின்னர் முதலாம் விசயபாகுவின் காலத்தில் அது விசயராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் மாறியது. ஆள்பவர் மாறினர், நிலவுடைமை அமைப்பு மாறவில்லை என்பதனை இப்பெயர் மாற்றமே உணர்த்துகின்றது எனலாம்.

அம்மன்னன் காலத்துப் பளமோட்டைக் கல்வெட்டு நமது பொருளுக்கு ஒரு வகையில் இன்றியமையாதது. இறந்த கணவனின் நலன் கருதிக் கந்தளாய்க் கோயிலுக்குப் பொருள் வழங்கிய நங்கைச்சானி என்னும் அந்தணக் கைம்பெண்ணைப் பற்றி அது கூறுகின்றது. கோயிற் பணிக்குரிய தேவரடியாரும் அதிலே குறிக்கப்படுகின்றனர். பொருள் வழங்கிய பெண் தன் பெயரோடு நம்முன் நிற்கின்றாள். பணி செய்த பெண்களை ஒரு தொகுதியாக மட்டுமே அறிகின்றோம். இவ்விருவகையினருக்கும் வெளியே, நெல் நட்டவளையும் வேர் அகழ்ந்தவளையும் கல்லிலே தேடுவது வீண். உடைமையின் ஆவணம் உடைமையில்லாதவர்களைப் பதிவு செய்வதில்லை.

மருத்துவம் பற்றிய பழைய சான்றுகளிலும் இந்நிலையே காணப்படுகின்றது. புத்ததாச மன்னன் பத்து ஊர்களுக்கு ஒரு மருத்துவரை நியமித்தான் என்றும், கரு திரும்பிக் கிடந்த ஒரு சண்டாளப் பெண்ணையும் அவளது சிசுவையும் தானே காப்பாற்றினான் என்றும் சூளவம்சம் கூறும். அவன் மகன் உபதிஸ்ஸன் பேற்று வேதனையுறும் பெண்களுக்கெனத் தனியிடங்கள் அமைத்தானென்றும் அது குறிப்பிடுகின்றது. அக்காலத்திலேயே பிள்ளைப்பேறு அரசின் கவனத்துக்குரியதாயிற்று என்பதற்கு இவை அரிய சான்றுகள். எனினும், அம்மன்னன் வருவதற்கு முன்னும் சென்ற பின்னும் ஊர்தோறும் பேறு பார்த்த பெண்களைப் பற்றி வரலாற்று நூலாசிரியர் மௌனம் சாதிக்கின்றார்.

அம்மௌனம் சற்றே கலையும் இடமொன்று சோழநாட்டில் உண்டு. பதினோராம் நூற்றாண்டில், கந்தளாயைச் சோழர் ஆண்ட அதே காலப்பகுதியில், வீரராசேந்திரன் பொறித்த திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையொன்றை வருணிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணி மருந்து தரும் பெண்கள் என அங்கே பணி வகுக்கப்பட்டிருந்தது. ஊதியமும் வகுக்கப்பட்டிருந்தது. மருத்துவருக்கு விதிக்கப்பட்ட நெல் அப்பெண்களுக்குரியதினும் பன்மடங்கு மிகுதியாகும். மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் இடையிலான பிரிவினை மருந்துச் சாலைக்குள்ளேயே நிலைபெற்றிருந்தமையை இது காட்டுகின்றது.

ஈழத்துத் தமிழ் மருத்துவ நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் யாழ்ப்பாண மன்னரின் பட்டப்பெயர்களையே தம் பெயர்களாகக் கொண்டவை. பரராசசேகரத்தில் கெர்ப்பரோகமும் பாலரோகமும் தனியே பேசப்படுகின்றன. அதனை ஏழாலை ஐ. பொன்னையா கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றியமை பெரும்பணியாகும். ஆயினும், பேற்றறைக்குள் நடப்பதை நேரிற் கண்டவள் மருத்துவிச்சி. ஏட்டில் எழுதும் கல்வி அவளுக்கு மறுக்கப்பட்டிருந்தது. தமிழகத்தில் நாவிதக் குலத்தவர் மருத்துவர் என்றும் வழங்கப்பட்டனர். அக்குலப் பெண்களே பல ஊர்களில் பேறு பார்த்தனர். உயிரைக் கையிலேந்தும் தொழில் தீட்டுடைய தொழிலாகக் கருதப்பட்டது. அவளது அறிவைப் பெற்றுக்கொண்ட சமூகம் அவளைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியது.

இனி, மருந்து ஆக்கப்படும் முறையை நோக்குவோம். வேரை முறியாமல் அகழ்தல், கழுவுதல், தோலுரித்தல், நடுநரம்பை நீக்குதல், இடித்துச் சாறு பிழிதல், பாலிலோ நெய்யிலோ காய்ச்சுதல் எனப் பல படிகள் இதில் உண்டு. இவற்றுட் பெரும்பாலானவை கூலியில்லா வீட்டுழைப்பாகப் பெண்களிடமே விடப்பட்டவை. இன்னொன்றையும் இம்முறை வெளிப்படுத்துகின்றது. நூல்கள் விதிக்கும் சாத்தாவாரி தனியே உண்ணப்படுவதன்று. பாலும் நெய்யும் சர்க்கரையும் அதனுடன் சேர்கின்றன. பேற்றுக்குப் பின் சில கிழமைகள் வேலை செய்யாதிருத்தலும் பத்திய உணவும் அதனோடு இணைந்த ஏற்பாடுகள். பசுவும் நிலமும் உடைய வீட்டிலேதான் இம்முழு மருத்துவம் சாத்தியமாகும். நாள் உழைப்பில் வாழ்பவள் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே வயலுக்குத் திரும்ப நேர்ந்தது. அவளுக்குக் கிடைத்தது வேர் மட்டுமே. சில வேளைகளில் அதுவுமில்லை. பால் சுரந்ததற்குரிய புகழை வேர் பெற்றுக்கொண்டது. சோறும் ஓய்வும் மறக்கப்பட்டன.

தற்கால ஆய்வுகளும் இவ்வாறே சிந்திக்கத் தூண்டுகின்றன. இவ்வேரில் ஸ்டீரொய்ட் வகைச் சப்போனின்கள் உள்ளன. அவற்றுட் சில சதாவரின் என்றே பெயர் பெற்றுள்ளன. பால் சுரப்புக் குறைந்த தாய்மாரிடையே இந்தியாவில் நடத்தப்பட்டு 1996இல் வெளியான கட்டுப்பாட்டுச் சோதனையொன்று, வேரை உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. 60 தாய்மாரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான மற்றொரு சோதனை, பால் சுரப்புக்குரிய புரோலக்ரின் என்னும் ஓமோன் உயர்ந்ததாகக் கூறியது. இரண்டும் சிறிய ஆய்வுகள். இவற்றைக் கொண்டு வேரை முற்றாக மறுப்பதும் தவறு; கைகண்ட மருந்தென முழங்குவதும் தவறு. மேலும், ஓமோன்களைப் பாதிக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருளைக் கருவுற்ற பெண் தானாகவே வாங்கி உண்பது தகாது.

பெண்களின் உயிரைப் பெருமளவிற் காத்தது எது என்ற வினாவுக்கு இலங்கையின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு தெளிவான விடையளிக்கின்றது. பிரித்தானியரின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. ஊரார் வேரும் விறகும் எடுத்த பொதுநிலம் அரசின் உடைமையாயிற்று. அதே காலனித்துவச் சூழலில் புதிய மருத்துவமும் வந்தது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இவை முன்னேற்றமான பணிகள். ஆனால் வறண்ட வலயத்து வன்னிக் கிராமங்களையும் கந்தளாய்க் காடுகளையும் இவை எட்டவில்லை.

1930களின் தொடக்கத்தில் இலங்கையில் 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. இடதுசாரி இளைஞர் சூரியமல் இயக்கத்தினூடாகக் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி செய்தது அப்போதுதான். அதன் பின்னர் கிராமிய மருத்துவமனைகள் பெருகின. பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடுவீடாகச் சென்றனர். மலேரியா ஒழிப்பு, அரிசிப் பங்கீடு, இலவசக் கல்வி ஆகியன ஒன்றுசேர்ந்தன. 1950ஆம் ஆண்டளவில் தாய் மரண வீதம் 600க்குக் கீழிறங்கியது. 2010களில் அது 40க்கும் குறைவு. எந்தத் தனி மருந்தும் இதனைச் சாதிக்கவில்லை. வர்க்கப் போராட்டத்தினாலும் சர்வசன வாக்குரிமையினாலும் உந்தப்பட்ட பொதுநல ஏற்பாடுகளே சாதித்தன.

இவ்வெற்றி முழுமையானதன்று என்பதனையும் கந்தளாய் காட்டுகின்றது. அங்கு உருவான குடியேற்றத் திட்டத்துக்கு அடிப்படையாயிருந்த 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்துரிமையில் ஆண் வாரிசுகளுக்கே முதன்மை வழங்கியது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரும்வரை இந்நிலை நீடித்தது. மருத்துவ மாது பெண்ணின் வாசலுக்கு வந்தாள்; காணி உறுதி அவளது கைக்கு வரவில்லை. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் பலர் இடம்பெயர்ந்தனர். காட்டுக்குச் செல்வது உயிராபத்தாயிற்று. இடம்பெயரும்போது பாத்திரங்களோடு எடுத்துச் செல்லக்கூடியதன்று மூலிகை அறிவு. அது நிலத்தோடு பிணைந்தது. எந்தப் பற்றையின் அடியில், எந்தப் பருவத்தில் அகழவேண்டும் என்பது அவ்விடத்திலேயே அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படுவது.

இன்று அவ்வேர் தூளாகவும் குளிசையாகவும் போத்தலில் அடைக்கப்பட்டு உலகச் சந்தையில் விலைபோகின்றது. பயன்மதிப்பாயிருந்தது பரிவர்த்தனை மதிப்பாயிற்று. ‘பண்டைய பெண்களின் ஞானம்’ என்று உறையிலே அச்சிடப்படுகின்றது. அப்பெண்களின் பெயர்களோ பழைய கல்வெட்டிலும் இல்லை, புதிய உறையிலும் இல்லை.

ஆகவே நம்முன் உள்ள பணிகள் இரண்டு. சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் கற்பிக்கப்படுகின்றது. அத்துறையினரும் சமூக வரலாற்றாளரும் இணைந்து, கந்தளாய்ப் பகுதியின் மூவினப் பெண்களிடமும் எஞ்சியுள்ள அறிவைச் சொல்பவரின் பெயரோடும் ஒப்புதலோடும் பதிவு செய்தல் முதலாவது. சிங்கள வீட்டு இலைக்கஞ்சியிலும் தமிழ் வீட்டுப் பத்தியத்திலும் ஒரே கொடி இடம்பெறுவது இப்பணியின் பொதுத்தளத்தைச் சுட்டுகின்றது. இரண்டாவது, அவ்வறிவை அறிவியல் முறையிற் சோதித்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளுதல். இவ்விரு பணிகளையும் செய்யும்போது, சாத்தாவாரி காய்ச்சிய பாலில் பாலும் இருந்தது என்பதனை நாம் மறந்துவிடலாகாது. உணவும் ஓய்வும் நிலவுரிமையும் எட்டாத பெண்ணுக்கு வேரின் பெருமையை மட்டும் எடுத்துரைப்பது, அவளது பசியை அவளிடமிருந்தே மறைப்பதாகும்.