விமானத்திலும் உண்டு கடைமடை

எங்க ஊர் ஒரத்தநாடு. தஞ்சாவூர்லேருந்து பட்டுக்கோட்டை போற ரோட்டுல இருக்கு. ரயில் கிடையாது, ரயிலேறணும்னா தஞ்சாவூர் போகணும். விமானம்னா திருச்சி. இப்பிடிப்பட்ட ஊர்க்காரன் விமானக் கம்பெனி ஊழியர்களோட இலவச டிக்கெட் பத்தி எழுதறது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனா எங்க அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்க அத்தான், சிங்கப்பூர்ல ஒரு விமானக் கம்பெனியில தரைப்பணியில இருக்கார். அதனால இந்த விஷயம் எங்க வீட்டு விஷயமாயிடுச்சு.

ஊர்ல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "ஒங்க அக்காவுக்கு என்னப்பா, ஓசி டிக்கெட்டு!" அந்த ஓசி டிக்கெட் எப்பிடி வந்துச்சு, அதுல என்ன இருக்கு, என்ன இல்ல, இதைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

முதல்ல ரயிலிலேருந்து ஆரம்பிக்கலாம். எங்க தாத்தா பொன்மலை ரயில்வே பட்டறையில வேலை பார்த்தவர். தென்னிந்திய ரயில்வேயோட பட்டறை முதல்ல நாகப்பட்டினத்துல இருந்து, 1920-களின் கடைசியில பொன்மலைக்கு மாறினது. அதனால டெல்டாவுல நிறைய குடும்பங்களுக்கு "பாஸ்"ங்கிற வார்த்தை தெரியும். 1986-ல வந்த ரயில்வே ஊழியர் பாஸ் விதிகள்படி, அஞ்சு வருஷ சர்வீஸுக்கு அப்புறம் சாதாரண ஊழியருக்கு வருஷத்துக்கு மூணு செட் பாஸ். அதுக்கு மேல நாலு செட் பி.டி.ஓ., அதாவது மூணுல ஒரு பங்கு கட்டணம். இதுல ஒரு நுட்பம் உண்டு. பாஸ் இருந்தா பயணம் செய்ய உரிமை உண்டு, பெர்த்துக்கு உரிமை இல்ல. பெர்த் வேணும்னா எல்லாரையும் போல ரிசர்வ் பண்ணணும். பொங்கலுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல நின்னா பாஸ்காரரும் நின்னுதான் ஆகணும்.

ஆனா ரயில்ல ஒரு வசதி. பெர்த் கிடைக்கலைன்னாலும் பொதுப்பெட்டியில ஏறி, கழிவறைக்குப் பக்கத்துல துண்டு விரிச்சுப் படுத்தாவது ஊர் வந்து சேர்ந்துடலாம். தாத்தா பல தீபாவளிக்கு அப்பிடித்தான் வந்திருக்கார். விமானத்துல நிக்க இடமில்ல. சீட் இருந்தா உள்ள, இல்லைன்னா வெளிய. மொத்த வித்தியாசமும் இதுலதான்.

இனி விமானத்துக்கு வருவோம். ஒரு விமானம் கிளம்பி மேல போயிடுச்சுன்னா அதுல காலியா போற சீட்டுக்கு அதுக்கப்புறம் மதிப்பே கிடையாது. அரிசியை நாளைக்கு விக்கலாம், நேத்து பறந்த சீட்டை இன்னைக்கு விக்க முடியாது. அந்தக் காலத்துல கட்டணத்தை விமானக் கம்பெனிங்க இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. சர்வதேசக் கட்டணம் ஐயாட்டாங்கிற கூட்டமைப்புல பேசி முடிவு பண்ணினது. அமெரிக்காவுக்குள்ள அரசு வாரியம் ஒண்ணு நிர்ணயிச்சுது. இந்தியாவுல 1953 சட்டத்தால ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் அரசுடைமை ஆனப்புறம் போட்டிங்கிற பேச்சே இல்ல. ஆக, காலி சீட்டைப் பொதுமக்களுக்கு மலிவா விக்கவும் முடியாது, சும்மா விடவும் மனசில்ல. ஊழியருக்குக் கொடுத்தா கம்பெனிக்குச் செலவு அதிகமில்ல, ஊழியருக்கோ பெரிய சலுகை. சம்பளத்துல ஏத்தாததை சீட்டுல ஏத்தின மாதிரி.

இதுலதான் ஐ.டி. டிக்கெட்ங்கிறது வளர்ந்துச்சு. 'ஐடி 90'ன்னா கட்டணத்துல 90 விழுக்காடு தள்ளுபடி, 'ஐடி 50'ன்னா பாதி. சொந்தக் கம்பெனி மட்டுமில்ல, கம்பெனிகளுக்குள்ள ஒப்பந்தம் போட்டு ஒருத்தர் ஊழியர் இன்னொருத்தர் விமானத்துலயும் போகலாம். பின்னாடி 'செட்'னு ஒரு முறை வந்துச்சு. அதுல கட்டணம் தூரத்தைப் பொறுத்து மண்டலம் மண்டலமா இருக்கும். இந்த டிக்கெட்டுங்கள்ல பெரும்பாலானதுக்கு ஒரு நிபந்தனை உண்டு: இடமிருந்தால் மட்டும். நம்ம ஊர் விமான ஊழியர்கள் இதை 'சப்லோ'ன்னு சொல்லுவாங்க. 'சப்ஜெக்ட் டு லோடு'ங்கிறது சுருங்கினது. அக்கா போன்ல "டேய் தம்பி, சப்லோல வரேன்டா"ன்னா, வருவாளா மாட்டாளான்னு அவளுக்கே தெரியாதுன்னு அர்த்தம்.

எப்பிடி நடக்கும்னா: பேரைப் பட்டியல்ல போட்டுட்டு விமான நிலையத்துல காத்திருக்கணும். காசு கொடுத்தவங்க எல்லாம் உள்ள போகணும். கவுன்ட்டர் மூடற நேரத்துல மிச்சம் எவ்வளவுன்னு பார்ப்பாங்க. அப்புறம் ஒரு வரிசைப்படி கூப்பிடுவாங்க. பொதுவா சொந்த ஊழியர் முதல்ல, மத்த கம்பெனி ஊழியர் அப்புறம், அதுக்குள்ள சர்வீஸ் அதிகமானவங்க முன்னாடி. சீட் இருந்தும் ஏத்தாம விடறதும் உண்டு, ஏன்னா எடை. நம்ம திருச்சி ஓடுதளம் சுமார் 2,480 மீட்டர்தான். வெயில் ஏறினா காத்து லேசாகி விமானம் மேல எழும்ப சிரமப்படும். நீளம் குறைஞ்ச ஓடுதளமும் வெயிலும் சேர்ந்தா எடையைக் குறைச்சுத்தான் ஆகணும். அப்ப முதல்ல இறங்கறது யாரு? ஓசி டிக்கெட்காரர்தான்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதை ஒரே வார்த்தையில சொல்லிடலாம். கடைமடை. ஜூன் 12-ல மேட்டூர் திறந்தாலும், கல்லணையில பிரிஞ்சாலும், மேல இருக்கறவன் பாய்ச்சின மிச்சம்தான் கடைசி வயலுக்கு. 1934-ல மேட்டூர் அணையோட வந்த கல்லணைக் கால்வாய், நாங்க புது ஆறுன்னு சொல்றது, எங்க ஊர் வழியாத்தான் பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு போகுது. அதோட கடைசியில இருக்கறவங்களைக் கேளுங்க, சப்லோன்னா என்னன்னு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுக்குவாங்க. கால்வாய் அவங்க ஊருக்கும் சேர்த்துத்தான் வெட்டினது, ஆனா தண்ணி வந்தாத்தான் நிச்சயம்.

அமெரிக்காவுல 1970-களோட தொடக்கத்துல விமானத்துல ஏறக்குறைய பாதி சீட் காலியாவே பறந்துச்சு. ஊழியருக்குப் பொற்காலம். 1978-ல அங்க கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் 1977-ல ஃப்ரெடி லேக்கர்ங்கிறவர் லண்டன்–நியூயார்க் 'ஸ்கைட்ரெயின்' விட்டார். முன்பதிவே இல்லாம வரிசையில நின்னு 59 பவுண்டுக்கு டிக்கெட். அதாவது ஊழியர் நின்ன இடத்துல பொதுமக்களும் வந்து நின்னாங்க. 1980-கள்ல கம்ப்யூட்டர் வந்து, எந்த சீட்டை எப்ப எவ்வளவுக்கு வித்தா விமானம் நிரம்பும்னு கணக்குப் போட ஆரம்பிச்சுது. இந்தியாவுல 1994-ல அந்தப் பழைய சட்டம் போச்சு, 2003-ல ஏர் டெக்கான் வந்துச்சு. இன்னைக்கு இங்கயும் அங்கயும் 80 விழுக்காட்டுக்கு மேல சீட் நிரம்பித்தான் பறக்குது. டிக்கெட் வாங்கிட்டு வராதவங்க இருப்பாங்கன்னு கணக்குப் போட்டு சில கம்பெனி அதிகமாவே விக்கறதும் உண்டு. மேல்மடையில மோட்டார் வெச்சு இறைச்சா கடைமடைக்கு என்ன வரும்?

சீசன்ல கேக்கவே வேணாம். பல கம்பெனிங்க பண்டிகைத் தேதிகளுக்கு ஊழியர் டிக்கெட்டையே நிறுத்தி வெச்சிடும். 'எம்பார்கோ'ன்னு பேரு. ஊருக்குப் போகணும்னு மனசு துடிக்கிற அதே தேதியிலதான் சலுகை செல்லாது.

எங்க பக்கத்துக்காரங்களுக்கு சிங்கப்பூர் புதுசில்ல. எஸ்.எஸ். ரஜூலான்னு ஒரு கப்பல், 1926-ல கட்டினது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1973 வரை ஓடுச்சு. அப்புறம் எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில அதுல தீப்பிடிச்சு உயிர்ச்சேதமாகி, அதோட அந்தப் பயணிகள் கப்பல் நின்னு போச்சு. அதுக்கப்புறம் விமானத்தை விட்டா வழியில்ல. கப்பல் மேல்தளத்துல பாய் விரிச்சு வந்த கதையெல்லாம் முடிஞ்சுது.

*

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்து எங்க பக்கமா உள்ள வந்துச்சு. நான் கோயம்புத்தூர்ல இருந்தேன். அம்மா மட்டும் ஊர்ல. காலையில போன் போட்டா எதுவுமே போகல. டவர் எல்லாம் விழுந்திருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறினேன்.

சிங்கப்பூர்ல அக்காவுக்கும் அதே கதை. நான் வந்து சேர்ந்தேனா இல்லையான்னும் அவளுக்குத் தெரியாது. அதே வெள்ளிக்கிழமையோட சிங்கப்பூர்ல பள்ளிக்கூட வருஷமும் முடியுது, மறுநாள்லேருந்து வருஷக் கடைசி விடுமுறை. ஊருக்குப் போற குடும்பமெல்லாம் மாசக்கணக்கா முன்னாடி டிக்கெட் போட்டு வெச்சிருந்த நாள். கடைசி நேரத்துல காசு கொடுத்து வாங்கலாம்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மாச வீட்டு வாடகைக்கு மேல வந்துச்சாம். அதனால சப்லோ.

வெள்ளி ராத்திரி அக்காவும் ஆறு வயசு மகளும் விமான நிலையத்துல காத்திருந்தாங்க. ஒரு சீட்டும் இல்ல. சனிக்கிழமை ரெண்டு சீட் இருந்துச்சு, ரெண்டும் சர்வீஸ் அதிகமானவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. அத்தான் வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம்தான். பட்டியல்ல கீழதான் இருக்க முடியும். அது நியாயமான வரிசைதான், அத்தானே அப்பிடித்தான் சொல்வார். எந்த வீட்டுல புயல்னு பட்டியல் கேக்காது.

நான் சனிக்கிழமை மத்தியானம்தான் வீடு போய்ச் சேர்ந்தேன். ரோடு முழுக்க மரம், வெட்டி வெட்டி வழி விட்டாங்க. அம்மா வாசல்ல உக்காந்திருந்தாங்க. பின்கட்டு ஓடு பறந்திருந்துச்சு. அப்பா வெச்ச தென்னை அம்பத்திரண்டுல நாப்பது கீழ கிடந்துச்சு. அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "அக்காவுக்குச் சொல்லிட்டியா?"

ஞாயித்துக்கிழமை காலையில தஞ்சாவூர் பக்கம் போய்த்தான் போன் கிடைச்சுது. "அம்மா நல்லாருக்காங்கக்கா"ன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இன்னைக்கும் பார்க்கறேன்டா. பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும்"னா.

அன்னைக்கு ஒரு சீட் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. கவுன்ட்டர்ல இருந்தவர் கேட்டிருக்கார்: ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும்னா அடுத்த பேரைக் கூப்பிடணும், ஒருத்தர்னா இப்பவே சொல்லணும். யோசிக்க ஒரு நிமிஷமிருந்தா பெரிசு. அக்கா பாப்பாவை அத்தான் கையில கொடுத்துட்டு, ஒரு கைப்பையோட உள்ள ஓடினா. பாப்பா அழுத சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சாம்.

ராத்திரி திருச்சியில கூட்டிக்கிட்டு வந்தேன். வழியில ஒரு வார்த்தை பேசல. வீட்டுல கரண்ட் இல்ல, அரிக்கேன் வெளிச்சம். அம்மா அவளைக் கட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னுட்டு, பின்னால எட்டிப் பார்த்தாங்க. "பாப்பா எங்கடி?" அப்பத்தான் அக்கா உடைஞ்சு அழுதா. மரத்துக்காக அழலைன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும்.

ஒரு வாரம் இருந்துட்டுப் போனா. திரும்பிப் போறப்ப விமானத்துல பாதி சீட் காலி. சீசன்ங்கிறது ஒரு பக்கமாத்தான் ஓடும், எல்லாரும் வர்ற நேரத்துல திரும்பிப் போக ஆளிருக்காது. "அன்னைக்கு இதுல ஒரு சீட் இருந்திருந்தா போதும்டா"ன்னு மட்டும் சொன்னா.

முழுக் காசு கொடுத்தே வந்திருக்கலாமேன்னு ஊர்ல சிலர் சொன்னாங்க. எனக்கும் அந்த நினைப்பு வந்ததுண்டு. ஆனா வாடகை கட்டறது நாமில்ல. சலுகைன்னு ஒண்ணு கையில இருந்தா, அதை விட்டுட்டு முழு விலை கொடுக்க சம்பளக்காரனுக்கு மனசு வராது. நாளைக்குக் கிடைச்சிடும், நாளைக்குக் கிடைச்சிடும்னு தோணும். ஓசி டிக்கெட்டோட உண்மையான விலை அந்தக் காத்திருப்புதான்.

அத்தானுக்கு இப்ப பத்து வருஷ சர்வீஸ் தாண்டிடுச்சு. பட்டியல்ல நடுவுக்கு வந்துட்டார். ஆனா அக்கா ஒரு தீர்மானம் பண்ணிட்டா. கோடை விடுமுறைக்கு, சும்மா ஊர் சுத்த எல்லாம் சப்லோ. பொங்கலுக்கு மட்டும் ஆறு மாசம் முன்னாடியே காசு போட்டு நிச்சய டிக்கெட். மாசாமாசம் அதுக்குன்னு தனியா ஒரு தொகை எடுத்து வைக்கிறா. மூணு பேருக்கும் சேர்த்து.

எங்க ஊர்ல முக்தாம்பாள் சத்திரம்னு ஒண்ணு இருக்கு. சரபோஜி மன்னர் முக்தாம்பாள் நினைவா கட்டினது. ராமேஸ்வரம் போற வழிப்போக்கருங்களுக்குச் சோறு போட்ட இடம். அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வரும். போன பொங்கலுக்குப் பாப்பா வந்திருந்தா. புதுசா வெச்ச தென்னங்கன்னுங்க அவ உசரத்தைத் தாண்டிடுச்சு. அம்மா அதைக் காட்டி, "நீ வராத வருஷம் வெச்சதுடி இது"ன்னாங்க. பாப்பா சிரிச்சா. அக்கா அடுப்பங்கரைக்குள்ள போயிட்டா.