சல்பா மாத்திரையும் சயாம் ரயிலும்

வயித்துப்போக்குக்கு ஒரு எபிசோடான்னு சிரிக்காதீங்க. 1944-ல பர்மா காட்டுல நடந்த அமெரிக்க மெரில் படையில சிலர், சீதபேதி தாங்காம கால்சட்டையோட பின்பக்கத்தையே வெட்டி எடுத்துட்டு நடந்தாங்க. குண்டடி பட்டவங்களைவிட வயிறு கெட்டு விழுந்தவங்க அதிகமா இருந்த போர்கள் ஏராளம்.

நான் இருக்கிற கல்லங்குறிச்சி இன்னைக்கு அரியலூர் மாவட்டம். வெள்ளைக்காரன் காலத்துல இந்தப் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லா. திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்கள்ல இருந்துதான் கங்காணிகள் ஆள் பிடிச்சு, நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்தி, மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பினாங்க. இந்தக் கதையில அவங்களுக்கு ஒரு பங்கு இருக்கு. முதல்ல மருந்தைப் பார்த்துடுவோம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்ஷல் என்பவரின் குழு 1940-ல சல்ஃபாகுவானிடின் என்ற சல்பா மருந்தை அறிமுகப்படுத்தியது. கறாராச் சொன்னா இது ஆன்டிபயாடிக் இல்லை, ஆய்வகத்துல செஞ்ச ரசாயனம். ஆனா செய்யற வேலை அதுதான். மற்ற சல்பா மருந்துகள் ரத்தத்துல சீக்கிரம் கலந்துடும். இது அதிகம் கலக்காம குடலிலேயே தங்கும். சீதபேதிக் கிருமி இருக்கிற இடமும் குடல்தானே.

ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவர் நீல் ஹாமில்டன் ஃபேர்லி, மத்திய கிழக்குல தன் படையாட்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். 1920-களில் பம்பாயில் வேலை பார்த்தபோது ஸ்ப்ரூ என்ற தீராத வயித்துப்போக்கு நோய் அவருக்கே வந்திருக்கு. மனுஷனுக்கு இந்த நோயாளிகளோட அவஸ்தை தெரியும்.

1942 செப்டம்பர். நியூகினியாவின் கொகோடா மலைப்பாதையில ஆஸ்திரேலியப் படைக்குள்ள சீதபேதி பரவுது. ஒருத்தருக்கு வந்தா அடுத்தவருக்கு வர்றதுக்கு ஒரு ஈ போதும். கையிருப்பு மாத்திரையை முன்னணிக்கு அனுப்பி, பேதி கண்டவங்களுக்கு உடனே கொடுத்தாங்க. பரவல் அடங்கிடுச்சு. எதிர்த்தரப்புல ஜப்பானியர்கள் பட்டினியும் பேதியுமா கிடந்தாங்க.

அதே ஆஸ்திரேலிய ராணுவத்தோட இன்னொரு பகுதி ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம்–பர்மா ரயில் பாதை போட்டுக்கிட்டு இருந்தது. நம்ம ஜனங்க ‘சயாம் மரண ரயில்’னு சொல்றது இதைத்தான். 415 கிலோமீட்டர். 1943 மழைக்காலத்துல அங்க சீதபேதியோட காலராவும் சேர்ந்துக்கிச்சு. எட்வர்ட் டன்லப் மாதிரி கைதி மருத்துவர்களுக்கு மருந்து அரிதாகத்தான் கிடைத்தது. காலராவுக்குத் தர அப்போ ஆன்டிபயாடிக்கே கிடையாது. டெட்ராசைக்ளின் வகையெல்லாம் போருக்குப் பின்னாடி வந்தது. கிடைச்ச குழாயை வச்சுத் தண்ணியைக் காய்ச்சி வடிச்சு, உப்புக் கலந்து, மூங்கில் ஊசி வழியா நரம்புல ஏத்தினாங்க. பலர் அதுல பிழைச்சாங்க.

அதே பாதையிலதான் மலாயாவிலிருந்து கொண்டுபோன தோட்டத் தொழிலாளிகளும் இருந்தாங்க. அவங்கள்ல பெரும்பகுதி தமிழர்கள். அவங்க முகாம்கள்ல மூங்கில் ஊசி செய்யக்கூட டாக்டர் இல்லை. வரிசையா நின்னு கணக்குக் கொடுக்க ஒரு ராணுவமோ, கொதிச்ச தண்ணிதான் குடிக்கணும்னு உத்தரவு போட ஒரு அதிகாரியோ இல்லை. கைதிகள் சுமார் 60,000 பேர்ல 12,000-க்கு மேல இறந்தாங்க. ஆசியத் தொழிலாளிகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர்ல 75,000-க்கும் மேல இறந்திருப்பாங்கங்கறது மதிப்பீடு. கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது, இவங்களுக்கு மதிப்பீடுதான். 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ்னு ரெண்டு கைதி மருத்துவக் குழுக்களைச் சிங்கப்பூரிலிருந்து தொழிலாளிகளைப் பார்க்க அனுப்பினாங்க. ரெண்டும் சேர்த்து நானூறு பேர்கூட இல்லை. அக்டோபர்ல தண்டவாளம் இணைஞ்சிடுச்சு.

இப்போ எங்க நிக்குது? 2017-ல வெளியான ஓர் ஆய்வு, ஆப்கானிஸ்தான், ஜிபூட்டி, கென்யா, ஹோண்டுராஸ் முகாம்களில் இருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்களை வச்சு நடந்தது. லோபராமைடோட அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், ரிஃபாக்சிமின் மூணுல ஏதாவது ஒண்ணு, ஒரே வேளை. ஒரு நாளுக்குள்ள முக்கால்வாசிப் பேருக்குக் குணம். நம்ம ஊர் மருந்துக்கடையில அசித்ரோமைசினைக் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கிறாங்களே, அது வேற பிரச்சினை, அதுக்குத் தனி எபிசோடு வேணும்.

உங்க வீட்டுல மலாயாவுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தா, பேரு, ஊரு, தோட்டத்தோட பேரு, கடைசிக் கடுதாசி வந்த வருஷம் — தெரிஞ்ச அளவுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த பகுதியில வாசிக்கிறேன்.